மலைநாட்டுப் படமும் நீரின் போக்கும்

தேசப்படத்தில் ஆற்றை ஒரு நீலக்கோடாகக் காண்பது எளிது. அக்கோடு வரையப்பட்ட வகையை ஆராய்வார் சிலரே. நம் தண்டலத்துக்குக் கிழக்கேயுள்ள பரங்கிமலையருகே அவ்வரலாறு தொடங்குகிறது. 1802 ஏப்ரல் 10-இல் வில்லியம் லாம்டன் அங்கே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார்.

முக்கோணம் ஒன்றின் ஒரு பக்கமும் அதன் இருமுனைக் கோணங்களும் தெரியுமாயின், மற்றைப் பக்கங்களைக் கணக்கினாற் பெறலாம். அங்ஙனம் பெற்ற பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடியாகும். கோணமளக்கும் கருவியாகிய தியோடலைட்டு அரை டன் நிறையுடையது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தில் ஏற்றுங்கால் அது மோதிச் சேதமுற்றது. லாம்டன் தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார்.

சமவெளியில் இம்முறை எளிது. வனம் செறிந்த மலையிலோ அரிது. சிகரத்தைத் தொலைவிலிருந்து குறிக்கலாம். ஆனால் மரச்செறிவிற் கரந்தோடும் ஓடையை மேலிருந்து காண்டல் இயலாது. அதன் கரைவழியே நடந்தே அறிதல் வேண்டும். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இருவர் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தனர். இவருள் வார்டு, 1794-இல் சென்னையில் நிறுவப்பட்ட நில அளவைப் பள்ளியிற் பயின்றவர். அப்பள்ளியே பின்னாளிற் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது.

இவ்வளவையால் விளையும் பயன் யாது? மலைமுகட்டின் ஒருபுறம் வீழும் மழை வைகையிற் சேர்ந்து கிழக்கே செல்லும். மறுபுறம் வீழ்வது பெரியாறாகி மேற்கடலை அடையும். அம்முகடு எங்கே தாழ்கின்றது, இருபுறத்துக்கும் உள்ள உயர வேற்றுமை எவ்வளவு என்பவற்றை அறிந்தாலன்றி, மேற்கே செல்லும் நீரைக் கிழக்கே திருப்ப எண்ணுதல் வீண். 1886-ஆம் ஆண்டு உடன்படிக்கையால், நீர்த்தேக்கத்துக்கென 8,000 ஏக்கர் நிலம் 999 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. பென்னிகுயிக்கு தலைமையில் 1887-இல் தொடங்கிய அணைவேலை 1895-இல் முடிவுற்றது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வரும் நீர் மதுரைச் சீமையின் வயல்களுக்கு உயிராயிற்று. அவ்வணையைப் பற்றிய வழக்கு இரு மாநிலங்களுக்கிடையே நெடிது நடந்தமையும் யாவரும் அறிந்ததே. ஆதலின், மலைப்படத்தில் வரையும் ஒரு கோடு பல்லாயிரவர் உணவையும் உரிமையையும் தொட்டு நிற்பதாகும்.

மாணவ நண்பர்களே, இப்பாடம் மலைநாட்டாருக்கு மட்டும் உரியதன்று. செம்பரம்பாக்கம் ஏரியின் மிகைநீர் அடையாற்றில் விழுகின்றது. 2015 டிசம்பரில் அவ்வாற்று வெள்ளம் சென்னையை எவ்வளவு வருத்தியது என்பதை நாம் அறிவோம். தொழிற்சாலைகள் பெருகிவரும் இப்பகுதியில் ஒரு கட்டடத்துக்குக் கல் நடுமுன், அவ்விடத்து மழைநீர் எத்திசை நோக்கிச் சரிகின்றது என்று கேட்டறிதல் கற்றோர் கடமையாம்.