கிறித்து சமயத்தார் கடவுளைத் தந்தையெனக் கொள்ளுமாறு

பிறசமயக் கொள்கையொன்றை ஆராயப் புகுவோன் அதனை அச்சமயத்தார் தாமே ஒப்புமாறு முதற்கண் எடுத்தோதுதல் வேண்டும். அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்துள் ஒவ்வொரு மதத்தையும் முன்னர் நிறுத்திப் பின்னரே மறுத்தமை யாவரும் அறிந்தது. ஆறுமுக நாவலரும், 1854 ஆம் ஆண்டிற் சைவதூஷணபரிகாரத்தை வெளியிடுதற்கு முன்னர்ப் பெர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத்தைத் தமிழ்ப்படுத்தும் பணியில் உழைத்தவராகலின், அவர் கண்டனம் செவிவழிச் செய்தியின்மேல் எழுந்ததன்று. நம்மவருள் ஒருசாரார் இம்முறையைக் கைநெகிழ விட்டனர். கிறித்தவர் கடவுளைப் பிதாவென்று வழங்குதல் அவர் உயிர்களைப் படைத்தார் என்னும் கொள்கைபற்றியே என்றும், குடத்தை வனைந்த குயவன் குடத்திற்குத் தந்தையாகான் ஆதலின் அவ்வழக்குப் பொருளற்றது என்றும் இவர் கூறுவர். இவ்வினாக் கேட்டற்கு இனியது. ஆயின் எதிர்வாதியின் நிலைமேற் படாது அயலே செல்வது. அஃது எங்ஙனமெனக் காட்டுவாம்.

படைப்பொடு தந்தைமையை இயைத்துக் கூறும் இடங்கள் கிறித்தவ வேதத்தில் இல்லாமலில்லை. ஏசாயா ஆகமத்தின் 64 ஆம் அதிகாரத்தில் தந்தை, குயவன் என்னும் இரண்டும் அடுத்தடுத்தே வருகின்றன. எனினும் பழைய ஏற்பாட்டிற் கடவுளைத் தந்தையென்றல் மிக அருகியே காணப்படும். காணுமிடத்தும், எகிப்து நாட்டின் அடிமைத்தளையினின்று மீட்டுத் தம்மை ஒரு குடியாக்கிய பேருதவியே பெரும்பாலும் கருதப்பட்டது. ஓசேயா தீர்க்கதரிசி, மகவுக்கு நடைபயிற்றிக் கையில் ஏந்தி வளர்த்த ஒருவன் அம்மகவு தன்னை மறந்தவழி உருகும் உருக்கத்தைக் கடவுள்மேல் வைத்து உரைத்தார். ஏசாயாவில் தாயுவமையும் உண்டு.

இவ்வழக்கின் உள்ளுறை தெளிவுபட்டது கி.பி. நான்காம் நூற்றாண்டிலாம். அலெக்சாந்திரியா நகரத்துக் குருவாகிய ஆரியுஸ் என்பவர், தோற்றமின்மையே கடவுளின் இயல்பென்றும், குமாரனாகிய கிறித்து படைக்கப்பட்டவற்றுள் முதல்வரென்றும் போதித்தார். இதன்படி கடவுள் என்றும் கடவுளே. தந்தையாதல் இடையில் வந்தது. 325 இல் நிசேயா நகரிற் கூடிய சங்கம் இதனை மறுத்து, குமாரன் படைக்கப்பட்டவரல்லர், தந்தையினின்று பிறந்தவர், தந்தையோடு ஒரே சொரூபத்தர் என்று அறுதியிட்டது. பின்னர் 328 இல் அலெக்சாந்திரியா நகரத்துப் பேராயரான அத்தனாசியர் இம்முடிபைத் தம் வாழ்நாள் முழுவதும் காத்து நின்றார். அதன்பொருட்டு ஐந்துமுறை நாடு கடத்தப்பட்டார். அவர் வாதத்தின் உயிர்நிலை இது: படைத்தமைபற்றிக் கடவுள் தந்தையாவராயின், படைப்பில்லாத நிலையில் அவர் தந்தையல்லர், அவ்வழி அன்பு அவருக்கு வந்தேறியாய் முடியும், உலகம் உண்டாதலை எதிர்நோக்கி நிற்கும் குறையும் அவர்பாற் சாரும். ஆகலின் தொழில்பற்றி அவரைத் தோற்றமிலி என்பதினும் குமாரன்பற்றித் தந்தை என்பதே நேரிதென்றார். ஞாயிறும் அதன் ஒளியும் அவர் பலகாலும் எடுத்தாண்ட உவமம்.

நம் சாத்திரம் பயின்றார்க்கு இவ்வாதம் புதிதாகத் தோன்றாது. அருள் இறைவனுக்கு ஆகந்துகமோ, அன்றித் தாதான்மியமோ என்னும் வினாவே அங்கும் எழுந்தது. சிவத்தின் வேறாகாத சத்தியும், தந்தையின் வேறாய ஆளாகக் கொள்ளப்படும் குமாரனும் ஒன்றெனல் பொருந்தாது. அங்ஙனம் ஒன்றுபடுத்திக் காட்டிச் சமரசம் பேசுவாரும் உளர். அஃது இருதிறத்தார்க்கும் நன்றன்று. விடை வேறாயினும் வினா ஒன்றென்பதே ஈண்டுக் கொள்ளற்பாலது.

380 ஆம் ஆண்டளவிற் கான்ஸ்தாந்திநோப்பிளிற் போதித்த நசியான்சு கிரெகோரியார், தந்தை என்பது சொரூபம் உணர்த்தும் பெயருமன்று, தொழில் உணர்த்தும் பெயருமன்று, சம்பந்தம் உணர்த்தும் பெயரே என்று வரையறுத்தார். அப்பெயர்கொண்டு கடவுளை ஆணென எண்ணுவாரை அவர் எள்ளி நகையாடவும் செய்தார். இத்துணைத் தெளிவாக வரையறுக்கப்பட்ட கொள்கை பிற்காலத்தில் நெகிழ்ந்தமைக்கும் காரணம் உண்டு. பெர்லின் நகரத்துப் பேராசிரியர் ஹார்னாக் 1899–1900 இல் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், கடவுள் தந்தையாதலையும் மனிதவுயிரின் அளவிலா மதிப்பையும் நற்செய்தியின் சாரமாக எடுத்துக் காட்டினார். தந்தையை மட்டும் நிறுத்தி, குமாரனை அப்போதனையின் பொருளாகாமல் விலக்கிய இக்கருத்துப் பரவிய பின்னரே குயவன் வினாவுக்கு இடம் நேர்ந்தது என்க.

அற்றாயின், குமாரன் ஒருவரே இயல்பாய் மகனாயின், ஏனை உயிர்கள் கடவுளைத் தந்தையென்று அழைத்தல் யாங்ஙனம்? இதற்குப் பவுல் அப்போஸ்தலர் கொண்ட சொல் புத்திரசுவிகாரம். அவர் சற்றொப்பக் கி.பி. 57 இல் உரோமை நகரத்தார்க்கு நிருபம் எழுதியபொழுது, சுவிகாரம் அவர்கள் நாடோறும் கண்ட செய்தி. கி.மு. 44 இற் கொலையுண்ட யூலியு சீசர் தம் மரணசாசனத்தால் உடன்பிறந்தாளின் பேரனை மகனாக ஏற்றார். அவரே பின்னர் முதற் பேரரசரான அகுஸ்து. சுவிகாரமகன் உரோமைச் சட்டத்தில் இழிந்தவனல்லன். பெயரும் உரிமையும் தாயமும் முழுதும் பெறுவான். பிறந்த மகவைத் தந்தை தெரிந்து பெறுவதில்லை. ஏற்ற மகனையோ தெரிந்தே ஏற்கின்றான். ஆகலின் சுவிகாரம் என்றது அன்பைக் குறைத்துக் கூறியதன்று.

இந்நிருபத்தும் கலாத்தியர் நிருபத்தும் பவுல், அவ்வாறு ஏற்கப்பட்டோர் வாயினின்று எழும் அரமேயச் சொல்லாக அப்பா என்பதைக் காட்டுகின்றார். இச்சொல் புதிய ஏற்பாட்டில் மும்முறையே வருவது. நம் சொல்லோடு ஒலியொத்தல் கண்டு மொழியுறவு கற்பிக்க விரைவோர் சற்று நிற்க. பல மொழிகளிலும் மகவு முதலிற் பயிலும் ஒலிகள் இத்தகையனவே. இது மழலைச்சொல் என்று போதகர் பலர் கூறுவதும் தவறென ஜேம்ஸ் பார் என்னும் அறிஞர் 1988 இற் காட்டினார். வளர்ந்தோரும் தம் தந்தையை அங்ஙனமே அழைத்தனர்.

எஞ்சிய ஓரிடம் மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் உள்ளது. தாம் பிடிபடும் இரவிற் கெத்செமனே என்னும் தோட்டத்தில் இயேசு இச்சொல்லால் விளித்து, துன்பக்கலம் தம்மை விட்டு நீங்குக என்று வேண்டினார். தந்தையின் சித்தமே நிறைவேறுக என்றும் உடன் வேண்டினார். கலம் நீங்கவில்லை. தந்தையெனின் கேட்டதெல்லாம் தருபவன் என்று எண்ணுவார்க்கு இவ்விடம் பெருந்தடை. அறக்கருணை, மறக்கருணை என்னும் பாகுபாடு உணர்ந்த நமக்கு இது விளங்கும்; எனினும் ஒரு வேறுபாடு உண்டு. மறக்கருணை உயிரின் மலத்தைக் கழித்தற்பொருட்டு. கிறித்துவோ கழிக்கவேண்டும் குற்றமொன்றும் இல்லாதவர் என்பது அவர்கள் துணிபு.

இனி, கெட்ட குமாரன் உவமையை நோக்குவாம். லூக்கா 15 ஆம் அதிகாரத்தில் வருவது. இளையவன் தந்தை உயிரோடிருக்கையிலேயே தன் பங்கைக் கேட்டுப் பெற்றுத் தூரதேசம் சென்று அழித்தான். பஞ்சத்திற் பன்றி மேய்த்தான். திரும்புங்கால் மூன்று செய்திகளை உள்ளத்தே வகுத்துக்கொண்டு புறப்பட்டான்: பாவம் செய்தேன்; மகனெனப்படத் தகுதியிலேன்; கூலியாளாக வைத்துக்கொள்க. தந்தை தொலைவிற் கண்டு, முதியோன் என்னும் பெருமிதம் பாராது ஓடிச்சென்று தழுவினான். மகன் முதலிரண்டையும் சொன்னான். மூன்றாவது, பல ஏடுகளின் பாடப்படி, அவன் வாயினின்று வெளிவரவே இல்லை. அதற்குள் ஆடையும் மோதிரமும் பாதரட்சையும் கொணருமாறு ஏவலர்க்குக் கட்டளை பிறந்துவிட்டது. கூலி பேசுதற்கு அவ்வீட்டில் இடமில்லை.

மூத்தவன் நிலையே நம்மனோர் ஊன்றி நோக்கற்பாலது. வீட்டை விட்டு அகலாதவன்; கட்டளை மீறாதவன். அவன் வெகுண்டு வாயிற்புறத்தே நின்று, இத்துணை யாண்டு உழைத்ததற்கு ஓர் ஆட்டுக்குட்டியும் பெற்றிலேன் என்று கணக்கிட்டான். மகனாயிருந்தும் கூலியாளாகவே வாழ்ந்தமை அப்பொழுது வெளிப்பட்டது. அவனைத் தாசமார்க்கத்தான் என்று கூறிவிடற்க. தாசமார்க்கத்திற் கணக்குக் கேட்டல் இல்லை. அவனையும் தந்தை வெளியே வந்து வருந்தி அழைத்தான்.

சற்புத்திரமார்க்கம் நமக்கு ஒரு படி. அதன்மேற் சகமும் சன்மார்க்கமும் உள. இயேசு தம் சீடரை இனி ஊழியரென்னேன், நண்பரென்பேன் என்ற கருத்துப்படக் கூறியது யோவான் சுவிசேஷத்தில் இருப்பினும், கிறித்தவர்க்கு மகனாதலே முடிந்த நிலை.

இவ்வளவும் அறிந்தபின் நாம் கேட்கத்தக்க வினா வேறாகும். இளையவன் வீட்டை விட்டுப் போக விரும்பியது எதனால்? உவமை அதனைக் கூறவில்லை. உயிர் தோற்றமுடையது, நல்லதாகவே படைக்கப்பட்டது என்று கொள்வார்க்கு இவ்விடம் இடர்ப்பாடே. அவருள் தலைசிறந்த ஆசிரியரான அகுஸ்தீனார் கடவுள் நகரம் என்னும் நூலின் பன்னிரண்டாம் புத்தகத்தில், தீய விருப்பிற்கு ஆக்கும் காரணம் தேடற்க, அது குறைபாடேயன்றிச் செயலன்று என்று விடுத்தார். நம் ஆசிரியர்களோ காரணம் உண்டென்றும், அஃது அநாதியே உயிரைப் பற்றிய மூலமலம் என்றும், தந்தை அதனை வைத்தாரல்லர் என்றும் கொண்டனர். வழக்கு நிகழவேண்டிய களம் இதுவே.