கடைசி இடத்துக்குக் கிடைக்கும் முதல் தேர்வு

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் போட்டியில் 32 அணிகள். ஒரு பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்குத்தான், அடுத்த ஏப்ரலில் கல்லூரிகளிலிருந்து வரும் புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளை எடுக்கும் உரிமை. இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற அணி 32-ஆவது இடத்தில் காத்திருக்க வேண்டும். ஐபிஎல் ஏலம்போல் அங்கே யாரும் விலை கேட்பதில்லை. முறை வந்தால் பெயரைச் சொல்லலாம். இல்லையென்றால் அந்த முறையையே இன்னொரு அணிக்கு மாற்றிக் கொடுக்கலாம். டிராஃப்ட் என்ற இந்த ஏற்பாட்டை 1935-இல் முன்மொழிந்தவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல். வலுவான அணிகளே நல்ல ஆட்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போக, அவருடைய அணி அடிவாங்கிக்கொண்டிருந்தது. 1936-இல் நடந்த முதல் டிராஃப்டில் முதல் உரிமை ஈகிள்ஸுக்கே கிடைத்தது. அவர்கள் எடுத்த ஜே பெர்வாங்கர் என்எஃப்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

அப்படித் தொடங்கியும், முதல் ஆள் வந்தால் அணி நிமிர்ந்துவிடும் என்ற எண்ணம் இன்றுவரை அசையவில்லை. அதை ஒட்டி வேறு சில நம்பிக்கைகளும் வேர்பிடித்திருக்கின்றன.

நம்பிக்கை: இனித் தேறாது என்று தெரிந்த அணி, மிச்ச ஆட்டங்களிலும் தோற்பதே புத்திசாலித்தனம்.

2023 ஜனவரி 8. ஹூஸ்டன் டெக்சன்ஸ், பருவத்தின் கடைசி ஆட்டத்தை இண்டியானாபொலிஸில் ஆடுகிறது. அதுவரை இரண்டே வெற்றிகள். இதிலும் தோற்றால் முதல் தேர்வு கைக்கு வந்துவிடும். முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது 24-31 என்று பின்தங்கியிருந்தது. நான்காவது முயற்சி, கடைசி முயற்சி, 20 யார்டு கடந்தாக வேண்டும். அணியின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) டேவிஸ் மில்ஸ் எறிந்த பந்தைப் பிடித்து ஜோர்டன் ஏக்கின்ஸ் டச் டவுன் (ஆறு புள்ளி) போட்டார். ஒரு புள்ளி உதையோடு சமன் செய்திருக்கலாம்; பயிற்சியாளர் லவி ஸ்மித் வெற்றிக்காக இரண்டு புள்ளி முயற்சிக்குப் போனார். மறுபடியும் மில்ஸ், மறுபடியும் ஏக்கின்ஸ். 32-31. முதல் தேர்வு சிகாகோ பியர்ஸுக்குப் போனது. சில மணி நேரத்தில் ஸ்மித்துக்கு வேலை போனது.

ஜெயித்தது பெரிய பிழை என்று பேசப்பட்டது. ஏப்ரலில் டெக்சன்ஸ் இரண்டாவதாக சி.ஜே. ஸ்ட்ரவுட்டை எடுத்தது. அரிசோனாவிடமிருந்து மூன்றாவது முறையையும் வாங்கி வில் ஆண்டர்சனை எடுத்தது. அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுக விருதுகள், தாக்குதலுக்கும் தற்காப்புக்கும், இந்த இருவருக்கே. டெமெக்கோ ரையன்ஸ் என்ற புதுப் பயிற்சியாளரின் கீழ், மூன்று வெற்றி பெற்ற அணி அடுத்த ஆண்டே பத்து வெற்றி பெற்றுத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது.

களத்தில் நிற்பவர்கள் தோற்க நினைப்பார்கள் என்பதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. மில்ஸின் இடத்துக்குத்தான் அடுத்த குவார்ட்டர்பேக் வரப்போகிறார். தோற்பதால் அவருக்கு என்ன கிடைக்கும்? நிர்வாகம் வேண்டுமானால் அனுபவசாலிகளை அனுப்பிவிட்டு டிராஃப்ட் முறைகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அப்படித்தான் செய்தது. 2016-இல் ஒரே வெற்றி, 2017-இல் அதுவும் இல்லை.

நம்பிக்கை: யார் சிறந்தவர் என்பது தேர்வாளர்களுக்குத் தெரியும், எப்படியாவது முதல் இடத்தைப் பிடிப்பதில்தான் திறமை.

அந்த 2023 முதல் தேர்வை பியர்ஸ் வைத்துக்கொள்ளவில்லை. கரோலினா பேந்தர்ஸ் அதை வாங்கக் கொடுத்த விலை: அந்த ஆண்டின் 9-ஆவது, 61-ஆவது முறைகள், 2024-இன் முதல் சுற்று முறை, 2025-இன் இரண்டாம் சுற்று முறை, கூடவே டி.ஜே. மூர் என்ற தேர்ந்த ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்). எடுத்தது பிரைஸ் யங்கை. அந்தப் பருவத்தில் பேந்தர்ஸ் வென்றது இரண்டே ஆட்டம். கடைசி இடம், ஆகவே 2024-இன் முதல் தேர்வு அவர்களுடையது. ஆனால் அதை முன்பே பியர்ஸுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. அதை வைத்துத்தான் பியர்ஸ் கேலப் வில்லியம்ஸை எடுத்தது.

ஆய்வாளர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் (2017-இல் நோபல் பெற்றவர்) பல ஆண்டு டிராஃப்டுகளை அலசியிருக்கிறார்கள். ஒரே வகை ஆட்டக்காரர்களில் முன்னால் எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆட வாய்ப்பு ஏறத்தாழ 52 சதவீதம். பூவா தலையா போடுவதைவிடச் சற்றே மேல். ஆள் எடுப்பவர்கள் சோம்பேறிகள் இல்லை. மாதக்கணக்கில் ஆட்டப் பதிவுகளைப் பார்க்கிறார்கள், நேரில் பேசுகிறார்கள், மருத்துவர்களைக் கொண்டு மூட்டு மூட்டாகச் சோதிக்கிறார்கள். ஆனாலும் 21 வயது இளைஞர் நான்கு ஆண்டு கழித்து என்ன ஆவார் என்பது அந்த உழைப்புக்குள் முழுதாக அடங்குவதில்லை. அதனால்தான் ஒரே ஆளுக்காகப் பல முறைகளை விட்டுக்கொடுப்பது, தடுமாறும் அணிக்கு இரட்டை ஆபத்து என்கிறேன்.

நம்பிக்கை: டிராஃப்டுக்கு முன் வைக்கும் 40 யார்டு ஓட்டமும் அறிவுத்தேர்வும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

2017-இல் 40 யார்டை 4.22 விநாடியில் ஓடிச் சாதனை படைத்த ஜான் ராஸை சின்சினாட்டி பெங்கால்ஸ் ஒன்பதாவதாக எடுத்தது. அவரால் அங்கே நிலைக்க முடியவில்லை. 12 நிமிடத்தில் 50 கேள்விகள் கொண்ட வண்டர்லிக் அறிவுத்தேர்வையும் 2022-இல் கைவிட்டார்கள்.

நம்பிக்கை: எங்கே ஓட்டையோ அங்கேதான் முதலில் அடைக்க வேண்டும்.

அதே பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக் ஜோ பரோ, 2020-இல் முழங்கால் தசைநார் கிழிந்து பாதியில் வெளியேறினார். அடுத்த டிராஃப்டில் ஐந்தாவது முறை வந்தபோது, பரோவைக் காக்கத் தடுப்பாளர் பெனே சூவலை எடுக்கச் சொன்னவர்கள் ஏராளம். அணி எடுத்தது ரிசீவர் ஜமார் சேஸை. பரோ அந்த ஆண்டும் நிறைய அடி வாங்கினார். ஆனால் பெங்கால்ஸ் சூப்பர் பவுல்வரை போனது. சூவலும் டெட்ராய்ட் லயன்ஸில் முதல்தரத் தடுப்பாளராகவே வளர்ந்தார். இங்கே தப்பான பதில் என்று ஒன்று இல்லை. பல அணிகள் செய்வதும் இதுதான்: தேவை ஒரு பக்கம் இருக்க, ஆட்களைத் தரம் பிரித்து, ஒரே தரத்தில் இருவர் நின்றால் மட்டும் ஓட்டையைப் பார்ப்பது.

குவார்ட்டர்பேக் விஷயத்தில் இந்த நிதானம் பறந்துவிடுகிறது. காரணம் பணம். 2010-இன் முதல் தேர்வு சாம் பிராட்ஃபோர்டுக்கு உத்தரவாதத் தொகையே 5 கோடி டாலர். 2011-இல் புதுமுகச் சம்பளத்துக்கு வரம்பு வந்தபின், கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.2 கோடி. மலிவான குவார்ட்டர்பேக் கிடைத்தால் மிச்சப் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பலாம் என்பது சரியான கணக்கே. அந்த இடங்களை நிரப்பும்வரை அந்தப் பையனை யார் காப்பது என்பதைத்தான் பல அணிகள் யோசிப்பதில்லை.

நம்பிக்கை: சோபிக்காத முதல் தேர்வு என்றால் ஆள்தான் சரியில்லை.

‘பஸ்ட்’ (வீணாய்ப்போனவர்) என்று ஒரே சொல்லில் முத்திரை குத்திவிடுகிறார்கள். இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஒருவர்மீது அது எவ்வளவு சுலபமாக விழுகிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை. 2002-இல் புதிதாகப் பிறந்த டெக்சன்ஸ், தன் முதல் தேர்வாக டேவிட் காரை எடுத்தது. முன்னால் நின்று தடுக்கச் சரியான ஆட்கள் இல்லை. பந்தை எறியுமுன் அவர் தரையில் சாய்க்கப்பட்டது அந்த ஒரே பருவத்தில் 76 முறை, என்எஃப்எல் சாதனை. பிரைஸ் யங் தன் முதல் பருவத்தில் 62 முறை சாய்க்கப்பட்டார். அந்தப் பருவத்தின் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் பதினோரு ஆட்டத்திலேயே நீக்கப்பட்டார்.

2018-இன் முதல் தேர்வு பேக்கர் மேஃபீல்டை கிளீவ்லேண்டும், மூன்றாம் தேர்வு சாம் டார்னால்டை நியூயார்க் ஜெட்ஸும் கைவிட்டன. 2024-இல் டாம்பா பேயில் மேஃபீல்டு எறிந்த டச் டவுன்கள் 41. அதே ஆண்டு மினசோட்டாவில் டார்னால்ட் 14 ஆட்டங்களை வென்று தந்தார். 2022-இல் இந்த இருவரும் ஒரே அணியில்தான் இருந்தார்கள். அது கரோலினா பேந்தர்ஸ். அடுத்த வசந்தத்தில் ஒரு குவார்ட்டர்பேக்குக்காக அத்தனையையும் அள்ளிக் கொடுத்த அதே பேந்தர்ஸ்.