கார்த்திகை ஓதமும் ஓர் எர்த் வயரும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏற்றி, மூணாறு, போடிமெட்டு வழியாக விருதுநகரில் இறக்கிவிட்டு, வத்தலும் மல்லியும் ஏற்றித் திரும்புகிற டீசல் பிக்கப் என்னுடையது. நேரியமங்கலம் பாலம் தாண்டினால் மூணாறு வரை ஏற்றம்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏறவேண்டும். அந்த ஏற்றத்தில் வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் மலையைத்தான் திட்டியிருக்கிறேன். உண்மையில் கோளாறு பிடித்த இடம் மலை இல்லை, வண்டி இரவில் நிற்கும் மட்டாஞ்சேரித் தெரு.

விருச்சிக வேலியேற்றம் என்பார்கள் இங்கே, நம் கார்த்திகை மாதத்து ஓதம். காயல் தண்ணீர் ஓடை வழியாகத் தெருவுக்குள் ஏறும். கணுக்கால் அளவுதான், சற்று நேரத்தில் வடிந்தும்விடும். ஆனால் உப்பு வடிவதில்லை. அது வண்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும்.

அப்படி ஒரு மார்கழியில் அடிமாலியில் டீ குடிக்க நிறுத்தினேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் முனகியது, எஞ்சின் சுற்றவில்லை. பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டி அங்கேயே புதிது வாங்கிப் போட்டேன். ஸ்டார்ட் ஆனது. தேனியில் மறுபடியும் அதே முனகல். தள்ளி ஸ்டார்ட் செய்து, விருதுநகர் போய் வரும்வரை எஞ்சினை அணைக்கவே பயம்.

தோப்பும்படியில் நான் வண்டியைப் பழுதுபார்க்க விடும் ஆசான் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே எர்த் சரியில்லை என்று பொருள். “பேட்டரி குத்தம் இல்ல மோனே. கரண்ட் போக வழி இருக்கு, திரும்பி வரத்தான் வழி இல்ல” என்றார். எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கு வரும் எர்த் வயரின் உறையைக் கீறிக் காட்டினார். உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. வெளியே பார்த்தால் புது வயர் மாதிரி இருந்தது.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மற்றதை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் மாட்டிச் செல்ஃப் அடியுங்கள். உடனே வேகமாகச் சுற்றினால் பேட்டரி வாங்க வேண்டாம், எர்த் வயரை மாற்றினால் போதும். இந்தக் கேபிள் இல்லாமல் நான் இப்போது தோப்பும்படி பாலம்கூடத் தாண்டுவதில்லை.

இரண்டாவது எதிரி டீசலில் கலக்கும் தண்ணீர். நம் ஊர் ஈரக்காற்றில் பாதி டேங்கோடு இரவு நிறுத்தினால், டேங்கின் உள்சுவரில் தண்ணீர் வேர்த்து அடியில் இறங்கும். அதனால் இரவே டேங்கை நிரப்பிவிடுகிறேன். டாஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தால் ‘அடுத்த ஊரில் பார்க்கலாம்’ என்று ஓட்டாதீர்கள். காமன் ரெயில் பம்புக்கு டீசல்தான் மசகு. தண்ணீர் போனால் பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து போகும். ஃபில்டர் அடித் திருகைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் அடியிலும் டீசல் மேலேயும் பிரிந்து நிற்கும். தெளிந்த டீசல் வரும்வரை விட்டு மூடி, கைப்பம்பு இறுகும்வரை அடித்து ஏர் எடுத்த பிறகே செல்ஃப் அடிக்கவேண்டும்.

ஏற்றத்தில் இழுவை குறைந்தால் முதலில் கண்ணாடியில் புகையைப் பாருங்கள். புகையே இல்லாமல் திணறினால் பெரும்பாலும் டீசல் வரவில்லை. கரும்புகையோடு திணறினால் டீசல் வருகிறது, காற்று போதவில்லை: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது டர்போ ஹோஸ் கிழிந்திருக்கும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகித்து அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பழைய மெக்கானிக்குகள் ஓடும் எஞ்சினில் நாசில் பைப்பைத் தளர்த்தி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயில் வண்டியில் யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். உள்ளே அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் போகும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பெல்ட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். பல பிக்கப்களில் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் டைனமோவின் பின்னால்தான் இருக்கிறது. ஒரே பெல்ட் அறுந்தால் சார்ஜும் போகும், வாட்டர் பம்பும் நிற்கும், பிரேக்கும் கல் மாதிரி இறுகும். போடிமெட்டு இறக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சார்ஜ் விளக்கு எரிந்தால் வளைவு வரும்வரைகூடக் காத்திருக்காமல் ஓரம்கட்டுங்கள். இறக்கத்தில் நியூட்ரல் வேண்டவே வேண்டாம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

மட்டாஞ்சேரியிலோ ஃபோர்ட் கொச்சியிலோ வண்டி நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓதத் தண்ணீரில் டயர் நனைந்தால் மறுநாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவி, காய்ந்த பின் எர்த் வயரின் இரு முனைகளையும் கழற்றித் தேய்த்து, வாசலின் தடவி முறுக்கிவிடுங்கள். அரை மணி நேர வேலை.