“எவ்வளவு வரும்?” என்று கேட்டால் விழிக்காதீர்கள்

சாலவாக்கத்திலிருந்து மதூர், பழவேரி, எடமிச்சி பக்கம் வண்டியை விட்டால் கிரஷர் சத்தம் கேட்காத திசை குறைவு. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் ரோட்டைப் பிய்க்கின்றன. தூசிக்கும் வெடிக்கும் ஊர்க்காரர்கள் மனு கொடுக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டிப்ளமோ மெக்கானிக்கலோ பி.இ. கெமிக்கலோ முடித்துவிட்டு, ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் உங்களுக்கு அதே கிரஷர் காசில்லாத டிரெய்னிங் சென்டர்.

எந்த வேலைக்கு? எஸ்டிமேஷனுக்கு. மெஷின் செய்யும் கம்பெனி, பிராஜெக்ட் கன்சல்டன்ட், ஃபேப்ரிகேஷன் ஷாப், பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் என்று எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: என்ன சைஸ் வேண்டும், எவ்வளவு வரும்? லைனில் நிற்க ஆள் கிடைப்பார்கள். இந்தக் கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்லும் ஆள் கிடைப்பதில்லை. அந்த இடத்துக்குப் போட்டி போடுங்கள்.

1. முதலில் அளவை நேராக்குங்கள். ஓனர் ‘யூனிட்’ என்பார், மெஷின் கம்பெனி ‘மணிக்கு இத்தனை டன்’ என்னும். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஜல்லி ஒரு கன மீட்டருக்கு 1.5 முதல் 1.6 டன் நிற்கும். ஆக, யூனிட்டுக்கு ஏறக்குறைய 4.4 டன். “நாளைக்கு 150 யூனிட் வேணும் தம்பி” என்றால் 660 டன். இதை 8 மணி நேரத்தால் வகுத்து 82 என்று எழுதுபவர்தான் அதிகம். கல் மாட்டும், பெல்ட் நழுவும், டிப்பர் வராது. உருப்படியாக ஓடுவது ஆறரை மணி நேரம் என்றால் உங்களுக்குத் தேவை மணிக்கு 100 டன் மெஷின். இந்த வித்தியாசத்தை இன்டர்வியூவில் நீங்களாகவே எடுத்துச் சொல்லுங்கள். எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைப்பார்.

2. சைஸிங்கில் ஏமாறும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும்.

ஜா கிரஷரை ‘முப்பதுக்கு இருபது’ என்பார்கள். வாயின் அகலம் 30 அங்குலம், திறப்பு 20 அங்குலம். திறப்பு 500 மி.மீ. இருக்கிறது என்பதற்காக 500 மி.மீ. கல்லைப் போட முடியாது. திறப்பில் 80 சதவீதம், அதாவது 400 மி.மீ. வரைதான் தாராளமாக உள்ளே போகும். குவாரியிலிருந்து அதைவிடப் பெரிய கல் வருகிறதென்றால், ஒன்று கல்லைக் குவாரியிலேயே உடைத்து அனுப்பச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பெரிய ஜாவுக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் செலவு வேறு.

அடுத்தது ரிட்டர்ன் லோடு. ஸ்கிரீன் மேல் விழுவதில் 30 சதவீதம் சலிக்காமல் கோன் கிரஷருக்கே திரும்பிப் போகிறது, மணிக்கு 100 டன் சரக்கு வெளியே வர வேண்டும். ஸ்கிரீன் எவ்வளவு தாங்க வேண்டும்? “130 டன்” என்று சொன்னால் அவுட். 100-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும், 143 டன். ஸ்கிரீனுக்குப் போகும் கன்வேயரும் அதற்கேற்றபடிதான் இருக்க வேண்டும்.

பிறகு மோட்டார். கல்லை உடைக்கும் சக்திக்கு ஃப்ரெட் பாண்ட் 1952-ல் கொடுத்த ஃபார்முலா இன்றும் முதல் கட்டக் கணக்குக்கு உதவுகிறது. கல்லை உடைப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண்ணான ஒர்க் இன்டெக்ஸை, கிரானைட் வகைக் கல்லுக்குச் சுமார் 15 என்று எடுங்கள். 300 மி.மீ. கல்லை 20 மி.மீ. ஜல்லியாக்க ஒரு டன்னுக்கு 0.8 யூனிட் கரண்ட்டுக்குக் கொஞ்சம் கீழே வரும். அதே 20 மி.மீ. ஜல்லியை 3 மி.மீ. மணலாக்க? சுமார் 1.7 யூனிட். பாறையை உடைப்பதைவிட ஜல்லியைப் பொடியாக்க இரண்டு மடங்கு! எம்-சாண்டு லைன் சேர்க்கிறேன் என்று ஓனர் சாதாரணமாகச் சொல்லும்போது, எல்.டி. கனெக்‌ஷன் தாங்குமா, எச்.டி.க்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் பணம் ஒதுக்கினாரா என்று நீங்கள் கேட்க வேண்டும். ஃபார்முலா தருவது உடைக்கும் சக்தி மட்டும். கன்வேயர், ஸ்கிரீன், கல் மாட்டும்போது ஏறும் லோடு எல்லாம் தனி. மோட்டார் அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

3. விலைக்கு இரண்டு வழி வைத்துக்கொள்ளுங்கள். ஹாப்பர், ஷூட், டேங்க், ஸ்டாண்டு போன்ற ஃபேப்ரிகேஷன் ஐட்டங்களை எடைபோட்டுத்தான் விலை சொல்ல வேண்டும். எம்.எஸ். பிளேட் ஒரு மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ, இது தூக்கத்திலும் வாயில் வர வேண்டும். 40 சதுர மீட்டர் ஹாப்பர், 10 மி.மீ. பிளேட் என்றால் 3,140 கிலோ. ஸ்டிஃப்னர், வேஸ்டேஜுக்கு 15 சதவீதம் போட்டால் 3.6 டன். அன்றைய பிளேட் ரேட்டையும் ஷாப்பின் கிலோ ரேட்டையும் அம்பத்தூருக்கு ஒரு போன் போட்டால் வாங்கிவிடலாம்.

முழு மெஷினுக்கு வழி வேறு. கொள்ளளவு இரட்டிப்பானால் விலை இரட்டிப்பாகாது. 1947-ல் ரோஜர் வில்லியம்ஸ் எழுதிய ‘பத்தில் ஆறு’ விதி: கொள்ளளவு விகிதத்தை 0.6 அடுக்குக்கு உயர்த்திப் பழைய விலையால் பெருக்குங்கள். 100 டன் மெஷின் 1 கோடி என்று வைத்துக்கொண்டால் 200 டன்னுக்குச் சுமார் 1.52 கோடி. ஆனால் மெஷின் பெரிதாகும்போது மட்டும்தான் இது செல்லும். இரண்டாவது மெஷினைப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள் என்றால் விலை ஏறக்குறைய இரண்டு மடங்குதான். கன்வேயர் நீளமானாலும் மீட்டர் கணக்குதான். எதற்கும் 0.6 போடுபவரைப் பார்த்தால் காலேஜ் வாசனை இன்னும் போகவில்லை என்று தெரிந்துவிடும்.

4. விலைக்குத் தேதி கேளுங்கள். கெமிக்கல் இன்ஜினியரிங் பிளான்ட் காஸ்ட் இன்டெக்ஸ் 2020-ல் 596, 2022-ல் 816. இரண்டு வருடத்தில் 37 சதவீதம்! அது அமெரிக்க எண். நம் வேலைக்கு மத்திய அரசு மாதாமாதம் வெளியிடும் மொத்த விலைக் குறியீட்டில் மெஷினரி, ஸ்டீல் வரிசைகளைப் பாருங்கள். தேதி இல்லாத கொட்டேஷனை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

5. ஒரே எண்ணைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆரம்பக் கட்ட எஸ்டிமேட் மேலே 100 சதவீதம், கீழே 50 சதவீதம் வரை தவறலாம் என்று காஸ்ட் இன்ஜினியர்களின் சர்வதேச அமைப்பான ஏ.ஏ.சி.இ. தன் வகைப்பாட்டிலேயே எழுதிவைத்திருக்கிறது. ரேஞ்ச் கொடுங்கள், எந்த அடிப்படையில் என்று ஒரு வரி எழுதுங்கள். சேர்க்காதவற்றைத் தனியாகப் பட்டியலிடுங்கள்: ஃபவுண்டேஷன், எரெக்‌ஷன், கிரேன் வாடகை, கேபிள், பேனல், தூசி அடக்கும் ஸ்பிரே, லாரி வாடகை, ஜி.எஸ்.டி. திடப்பொருள் பிளான்ட்டுக்கு மொத்தச் செலவு மெஷின் விலையைப் போல 3.1 மடங்கு என்று லாங் என்ற இன்ஜினியர் அந்தக் காலத்திலேயே சொன்னார். திறந்தவெளிக் கிரஷருக்கு அது அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் மெஷின் விலையை மட்டும் வைத்து லோனுக்கு அலையும் ஓனரை உட்காரவைக்க நல்ல எண்.

6. இனி உங்களை விற்பது. ஒரு கிரஷரில் அனுமதி கேட்டு, ஹெல்மெட்டும் ஷூவும் போட்டு உள்ளே போங்கள். நேம்பிளேட்டில் இருக்கும் கிலோவாட், பெல்ட் அகலம், ஸ்கிரீன் சைஸ் எல்லாவற்றையும் குறித்து, மேலே சொன்ன கணக்குகளோடு எக்செல்லில் ஒப்பிடுங்கள். ஜா பிளேட் எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்று ஃபிட்டர் அண்ணனிடம் கேளுங்கள். டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் இன்னும் விஷயம் வரும். மூன்று தாள், அதற்கு மேல் வேண்டாம். ரெஸ்யூமேயில் ‘ஹார்டு ஒர்க்கர்’ என்று போடும் இடத்தில் அதைச் செருகுங்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகும் ரேட் டைரி ஒன்று எழுதிவாருங்கள், வெளியில் விசாரித்த விலைகளை மட்டும். பழைய கம்பெனியின் கொட்டேஷன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனால் புது பாஸ் ரசித்துப் படிப்பார், உங்களிடம் பீரோ சாவியைத் தரமாட்டார்.

எஸ்டிமேஷன் போஸ்ட்டுக்குப் பெரும்பாலும் டெஸ்ட் வைப்பார்கள். ஒரு டிராயிங், ஒரு கால்குலேட்டர், அரை மணி நேரம். கடைசி ஐந்து நிமிடத்தைத் தசமப் புள்ளிக்குச் செலவிடாதீர்கள். டிராயிங்கில் என்னென்ன சொல்லவில்லை என்று எழுதுங்கள்: மெட்டீரியல் கிரேடு, லைனர், பெயின்ட், யார் லோடு ஏற்றுவது. பக்கத்து மேஜைக்காரரும் நீங்கள் போட்ட அதே எடையைத்தான் போட்டிருப்பார். இந்த லிஸ்ட் அவரிடம் இருக்காது.