அயலவர் குடிமகனாதல்: சட்டமும் நடைமுறையும்

பெங்களூரு நகருக்குத் தென்கிழக்கே, ஓசூர் நெடுஞ்சாலையும் ஆனேக்கல் சாலையும் கூடுமிடத்தில் அமைந்துள்ள சந்தாபுரா, வெளியூராரால் வளர்ந்த ஊர்களுள் ஒன்றாகும். பொம்மசந்திரா, ஜிகணி ஆகிய தொழிற்பேட்டைகளும் எலெக்ட்ரானிக் சிட்டியும் அருகிலிருப்பதால் பல மாநிலத்தவர் இங்கு வந்து குடியேறியுள்ளனர். அத்திபெலே எல்லையைக் கடந்து ஓசூரிலிருந்து ஒருவர் இங்கு வந்து தங்கினால், அவர் மாற்ற வேண்டியவை வாக்காளர் பட்டியலில் உள்ள முகவரியும் குடும்ப அட்டையுமே. அவருடைய குடியுரிமையில் எவ்வித மாற்றமும் நேர்வதில்லை. அமெரிக்காவில் குடிமக்கள் நாட்டுக்கும் மாநிலத்துக்கும் தனித்தனியே குடிமக்களாகக் கருதப்படுகின்றனர். இந்திய அரசியலமைப்போ நாடு முழுமைக்கும் ஒரே குடியுரிமையை ஏற்படுத்தியுள்ளது.

அதே தெருவில் வாடகைக்குக் குடியிருக்கும் அயல்நாட்டவர் ஒருவர் இந்நாட்டிலேயே நிலைத்து வாழ விரும்பினால் நிலைமை முற்றிலும் வேறாகும். அவருடைய விண்ணப்பம் 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின்படி, மாவட்ட அலுவலகம் தொடங்கி மத்திய உள்துறை அமைச்சகம் வரை செல்ல வேண்டியுள்ளது. அந்தச் சட்டம் வகுத்துள்ள வழிமுறையும், அவ்வழி சிலருக்கு முற்றிலும் அடைபட்டிருப்பதன் காரணமும் மாணவரும் அலுவலரும் ஒருங்கே அறிய வேண்டியவை.

ஐந்து வழிகள்

பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புக் குடியுரிமை, பிரதேச இணைப்பு என ஐந்து வழிகளைச் சட்டம் கூறுகிறது. இறுதியாகக் கூறப்பட்டது தமிழருக்குப் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, அங்கு வாழ்ந்தவர்கள் விண்ணப்பம் எதுவுமின்றியே இந்தியக் குடிமக்களாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பியவர்களுக்கு அதற்கான வாய்ப்பு தனியே அளிக்கப்பட்டது.

பதிவு என்பது இந்தியாவோடு ஏற்கெனவே ஏதேனும் ஓர் உறவுடையவருக்கு உரியது. இந்திய வம்சாவளியினரும், இந்தியக் குடிமக்களை மணந்தவர்களும் ஏழாண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தபின் இவ்வழியில் விண்ணப்பிக்கலாம். வம்சாவளியினருக்குத் தொடக்கத்தில் ஆறு மாதங்களாக இருந்த இக்காலம், 1986-இல் ஐந்தாண்டுகளாகவும் 2003-இல் ஏழாண்டுகளாகவும் நீட்டிக்கப்பட்டது. அத்தகைய உறவு எதுவும் இல்லாத அயலவருக்கு எஞ்சியிருப்பது இயல்புக் குடியுரிமை என்னும் வழியே. பெல்ஜியத்தில் பிறந்து இந்தியாவின் வறுமையையும் பசியையும் ஆராய்ந்த பொருளியல் அறிஞர் ழான் திரேஸ் 2002-இல் இந்தியக் குடிமகனானார். அறிவியல், தத்துவம், கலை, இலக்கியம், உலக அமைதி, மானிட முன்னேற்றம் ஆகியவற்றுக்குச் சிறந்த தொண்டாற்றியவர்களுக்கு மட்டும் நிபந்தனைகள் அனைத்தையுமோ சிலவற்றையோ மத்திய அரசு தளர்த்தலாம்.

வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் என்னும் பெயரில் வழங்கப்படும் அட்டையைப் பலர் இரட்டைக் குடியுரிமை என்று தவறாகக் கருதுகின்றனர். அதில் வாக்குரிமை இல்லை. வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தாமே விரும்பி ஏற்பவர் இந்தியக் குடிமகனாக நீடிப்பதைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை.

காலத்தைக் கணக்கிடும் முறை

இயல்புக் குடியுரிமைக்கான தகுதிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ளன. அவற்றுள் பெரிதும் தவறாகக் கணக்கிடப்படுவது வாழ்நாள் பற்றிய நிபந்தனையாகும். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்களும் இடைவிடாது இந்தியாவில் வாழ்ந்திருத்தல் வேண்டும். அந்த 12 மாதங்களுக்கு முந்தைய 14 ஆண்டுகளில், மொத்தமாக 11 ஆண்டுகளுக்குக் குறையாமல் வாழ்ந்திருத்தலும் வேண்டும்.

சந்தாபுராவில் குடியிருக்கும் பொறியாளர் ஒருவர் 2026 ஜனவரி 1-ஆம் நாள் விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். 2025-ஆம் ஆண்டு முழுவதும் அவர் இங்கேயே இருந்திருக்க வேண்டும். 2011 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரையிலான காலத்தில் அவர் வெளிநாடு சென்றுவந்த நாள்கள் அனைத்தையும் கூட்டினால் அவை மூன்றாண்டுகளை மிஞ்சலாகாது. கடைசி ஆண்டில் தாயின் நோய் காரணமாகச் சொந்த நாட்டுக்குப் போய்வர நேர்ந்தவரின் கதி என்ன என்ற கேள்வி எழும். அதற்கு விடையாக வந்ததே 2015-ஆம் ஆண்டின் திருத்தம். தனிச் சூழ்நிலைகளில், மொத்தம் 30 நாள்களுக்கு மேற்படாத இடைவெளிகளை மத்திய அரசு மன்னிக்கலாம் என்று அது கூறுகிறது. 1955-இல் இந்நிபந்தனை ஏழாண்டுகளில் நான்காண்டுகள் என்ற அளவில் இருந்தது. 1986-இல் பன்னிரண்டில் ஒன்பதாகவும், 2003-இல் பதினான்கில் பதினொன்றாகவும் அது உயர்ந்தது. நாடு தன் வாயிலைப் படிப்படியாக ஒடுக்கி வந்துள்ளது என்பதை இவ்வெண்களே காட்டும்.

மொழி பற்றிய நிபந்தனையும் கவனத்துக்குரியது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றில் போதிய அறிவு இருத்தல் வேண்டும். அவ்வட்டவணையில் ஆங்கிலம் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்திலேயே பணியாற்றிய ஒருவர், கடைத்தெருவில் நாலு வார்த்தை கன்னடம் பேசப் பழகியதோடு நின்றிருந்தால், இந்த இடத்தில் தடுமாற நேரும். மறுபுறம், கர்நாடகத்தில் வாழ்வதால் கன்னடமே தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தமிழோ தெலுங்கோ அறிந்திருந்தாலும் போதும்.

விண்ணப்பம் செல்லும் வழி

2009-ஆம் ஆண்டின் குடியுரிமை விதிகள் 'கலெக்டர்' என்று குறிப்பிடும் அதிகாரி, கர்நாடகத்தில் துணை ஆணையர் எனப்படுகிறார். சந்தாபுரா ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்ததாதலின், அவ்வூரில் வாழ்பவரின் மனு பெங்களூரு நகர மாவட்டத்தின் துணை ஆணையருக்கு உரியது. மனுதாரர் தம் கூற்றுகள் உண்மை என்று உறுதிகூறும் பிரமாணப் பத்திரம் ஒன்றையும், அவருடைய நன்னடத்தைக்குச் சான்று கூறும் இந்தியக் குடிமக்கள் இருவரின் பிரமாணப் பத்திரங்களையும் இணைக்க வேண்டும். துணை ஆணையர் விசாரணை அறிக்கையுடன் 60 நாள்களுக்குள் மாநில அரசுக்கும், மாநில அரசு தன் பரிந்துரையுடன் 30 நாள்களுக்குள் மத்திய அரசுக்கும் மனுவை அனுப்ப வேண்டும் என்பது விதி. முடிவெடுக்கும் அதிகாரம் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் உள்ளது.

மனு ஏற்கத்தக்கது என்று அமைச்சகம் கருதினால் உடனே சான்றிதழ் வழங்கிவிடுவதில்லை. மனுதாரர் முதலில் தம் பழைய நாட்டின் குடியுரிமையைத் துறந்ததற்கான ஆதாரத்தை அளிக்க வேண்டும். அரசியலமைப்பிடம் மெய்யான பற்றுக் கொண்டு, நாட்டின் சட்டங்களைப் பின்பற்றிக் குடிமகனின் கடமைகளை ஆற்றுவதாக உறுதிமொழியும் எடுக்க வேண்டும். பழைய நாடு கைவிட்டுப் போய், புதிய நாட்டின் சான்றிதழ் இன்னும் கைக்கு வராத இந்த இடைக்காலத்தில் அவர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர். அலுவலகத்தில் ஒரு கோப்பு ஒரு மாதம் தாமதமாவது பிற விவகாரங்களில் சிறு குறையாகத் தோன்றலாம். இங்கு அது ஒரு மனிதரை நாடற்றவராக வைத்திருக்கும் மாதமாகும்.

விண்ணப்பத்தை ஏற்பதும் மறுப்பதும் அரசின் விருப்புரிமை என்றும், அதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை என்றும் 14-ஆம் பிரிவு கூறுகிறது. எனவே தகுதிகள் அனைத்தும் நிறைந்திருந்தாலும் குடியுரிமை தானாக வந்துசேரும் உரிமையாகாது. மாவட்ட அளவில் எழுதப்படும் அறிக்கை எவ்வளவு கனமானது என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஒரு சொல் அடைக்கும் கதவு

மேற்கூறிய எல்லாப் படிகளுக்கும் முன்னதாக ஒரு தடை உள்ளது. செல்லத்தக்க பாஸ்போர்ட் முதலிய பயண ஆவணங்கள் இன்றி நாட்டுக்குள் நுழைந்தவரும், முறைப்படி நுழைந்து அனுமதிக்கப்பட்ட காலத்துக்கு மேல் தங்கியவரும் 'சட்டவிரோதக் குடியேறி' ஆவர். 2003-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப்பின் இத்தகையோர் பதிவு மூலமாகவோ இயல்புக் குடியுரிமை மூலமாகவோ விண்ணப்பிக்க இயலாது. அவர்கள் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தனர் என்பது கணக்கிலேயே வருவதில்லை.

இச்சொல்லின் பாரம் முழுவதும் விழுந்திருப்பது இலங்கை மலையகத்திலிருந்து வந்த தமிழர்மீது. தேயிலைத் தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட இம்மக்களைச் சுதந்திர இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றியது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974-இல் உடன்பாடு ஏற்பட்டது. மக்கள் அப்போது 'பிரஜாவுரிமை' என்றே வழங்கிய இந்திய உரிமைக்கு மனுச் செய்தவர்கள், கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் பதிவு பெற்று, இந்திய பாஸ்போர்ட்டுடன் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களின் அரசு ரப்பர் தோட்டங்களிலும் அவர்களுள் பலருக்கு மறுவாழ்வு அளிக்கப்பட்டது.

அனைவரும் வந்துசேர்வதற்குள் வழி அடைபட்டது. 1983 ஜூலையில் வெடித்த இனக்கலவரத்தைத் தொடர்ந்து, 1984-இல் கப்பல் போக்குவரத்து நின்றது. உயிருக்கு அஞ்சிய மலையக மக்கள் வட இலங்கைத் தமிழரோடு சேர்ந்து, தோணிகளில் கடலைக் கடந்து வந்தனர். இந்தியாவுக்கு மனுச் செய்துவிட்டுக் காத்திருந்த குடும்பங்களும் அவர்களுள் இருந்தன. ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பிராக்களில் வாழ்ந்த இரு குடும்பங்களை எண்ணிப் பார்க்கலாம். 1979-இல் கப்பலில் வந்த குடும்பம் இந்தியக் குடிமக்களாய் வாக்களிக்கிறது. 1984-இல் தோணியில் வந்த குடும்பமோ முகாமில் பதிவு செய்யப்பட்ட அயலவராகவே நீடித்தது. இரண்டுக்கும் பூர்வீகம் ஒன்று. வந்த வாகனமே வேறு.

2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு தனி நீதிபதி, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த மனுதாரர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும், மத்திய அரசு 16 வாரங்களுக்குள் அவற்றின்மீது முடிவெடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். அவர்களுடைய இந்திய வம்சாவளியும் நெடுங்கால வாழ்வும் நிபந்தனையைத் தளர்த்தப் போதிய காரணங்கள் என்பது அத்தீர்ப்பின் கருத்து. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவ மதத்தினரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதுவதில்லை என அறிவித்தது. அவர்களுக்கு 11 ஆண்டு நிபந்தனை ஐந்தாண்டாகக் குறைந்தது. இதற்கான விதிகள் 2024 மார்ச் 11-இல் வெளியாயின. இலங்கை அப்பட்டியலில் இல்லை.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்பட்ட விலக்கு ஆணை ஓரளவு ஆறுதல் அளிப்பது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர், பாஸ்போர்ட்டும் விசாவும் இன்றித் தங்கியதற்காகத் தண்டிக்கப்படுவதிலிருந்து அது விலக்களிக்கிறது. எனினும் தண்டனையிலிருந்து விலக்கு என்பது ஒன்று, குடியுரிமைச் சட்டத்திலுள்ள சொற்பொருள் விளக்கம் திருத்தப்படுவது வேறொன்று. மூன்று நாட்டினர் விஷயத்தில் நாடாளுமன்றமே அவ்விளக்கத்தைத் திருத்திற்று.

பிறந்த தேதி

குடியேற்றச் சட்டத்தில் அடைபட்ட வழி சிலருக்குப் பிறப்புரிமையில் திறந்திருப்பதுண்டு. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பெரும்பாலும் பிறப்பினாலேயே குடிமகனாவார். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாயிருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கோ, ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருத்தல் வேண்டும்.

ஆகவே ஒரே தாய்க்கு ஒரே முகாமில் 1986-இல் பிறந்த அக்காள் இந்தியக் குடிமகள். 1988-இல் பிறந்த தம்பி அகதி. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த பெண் ஒருவர் பாஸ்போர்ட் கோரித் தொடுத்த வழக்கில், 2022-இல் மதுரைக் கிளை இந்த அடிப்படையிலேயே அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2024-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார்.

இத்தகைய குடும்பத்தின் மனு ஒரு மாவட்ட அலுவலகத்துக்கு வரும்போது, இயல்புக் குடியுரிமைக்கான படிவத்தைத் தேடுமுன் இரண்டு தாள்களைக் கேட்டுப் பார்த்தல் நலம். ஒன்று, குடும்பத்திலுள்ள ஒவ்வொருவரின் பிறப்புச் சான்று. மற்றொன்று, 1964 ஒப்பந்தத்தின்கீழ் தாயோ தந்தையோ பாட்டனோ கண்டியில் பதிவு பெற்றதைக் காட்டும் பழைய பத்திரம். அப்பதிவு உறுதியானால், பெற்றவர் அன்றே இந்தியக் குடிமகனாகிவிட்டார். பிள்ளைகளின் நிலையை அவர்களுடைய பிறந்த தேதியையும் பிறந்த இடத்தையும் வைத்துப் பிறப்பு அல்லது வம்சாவளிப் பிரிவின்கீழ் ஆராய வேண்டியிருக்கும். தோணியில் வந்தபோது நனைந்துபோகாதிருக்க அவற்றை மெழுகுத் துணியில் சுற்றி வைத்திருந்தாலும், நாற்பது ஆண்டுகளில் அப்பத்திரங்கள் மடிப்புகளில் கிழிந்து எழுத்து மங்கியிருத்தல் கூடும். அவற்றின் எண்ணும் தேதியும் படிக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே சான்றிட்ட நகல் எடுத்துக் கோப்பில் சேர்த்துவிட வேண்டும்.