முடுக்கும் அளவும் முறையான குறிப்பும்

கோலார் தங்கவயலின் பொற்சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. ஆயினும், 1964இல் நிறுவப்பெற்ற ‘பெமல்’ என்னும் பொதுத்துறை நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கு புல்டோசர் முதலிய மண்வாரும் இயந்திரங்களைச் செய்து வருகிறது. இத்தகைய இயந்திரங்களின் உறுப்புகள் பலவற்றைப் பிணைத்து நிற்பன போல்ட்டுகளே. அவற்றை எவ்வளவு முடுக்குதல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முடுக்குங்கால் போல்ட்டு சிறிது நீளுகிறது. நீண்ட எஃகு மீண்டும் சுருங்க முயல்வதால் உறுப்புகள் இறுகுகின்றன. நாம் செலுத்தும் முறுக்கு விசையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இதற்குப் பயன்படுகிறது. எஞ்சியது போல்ட்டின் தலையடியிலும் மரையிலும் உராய்வாகக் கழிகிறது. ஆகவே உராய்வு சிறிது மாறினும் விளைவு பெரிதும் மாறும்.

ஓர் எடுத்துக்காட்டு: முறுக்கு விசையை, போல்ட்டின் விட்டத்தையும் முடுக்குக் கெழுவையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் இழுவிசை கிடைக்கும். விட்டம் 12 மில்லிமீட்டர். முறுக்கு விசை 96 நியூட்டன்-மீட்டர் எனக் கொள்வோம். வறண்ட மரைக்குக் கெழு சுமார் 0.2; இழுவிசை 40,000 நியூட்டன். எண்ணெய் தடவினால் கெழு 0.15 அளவிற்குக் குறையலாம். இழுவிசை 53,000 நியூட்டனைக் கடக்கும். 8.8 தரப் போல்ட்டின் சோதனைச் சுமையோ சுமார் 48,900 நியூட்டனே. போல்ட்டு நிலையாக நீண்டு, பின்னர் தளரவோ முறியவோ கூடும்.

எனவே, ‘96’ என்னும் எண்ணை மட்டும் குறித்து வைத்தல் போதாது. மரையின் நிலை, போல்ட்டின் தரம், முடுக்கும் வரிசை ஆகியனவும் உடன் எழுதப்படல் வேண்டும். ஒரு ஷிப்டினர் அறிந்ததை அடுத்த ஷிப்டினரும் அறிய ‘விக்கி’ என்னும் கணினி முறை உதவும். 1995இல் வார்டு கன்னிங்காம் இதனைத் தோற்றுவித்தார். ஹவாய் மொழியில் இச்சொல்லுக்கு ‘விரைவு’ என்பது பொருள். குழுவினர் எவரும் பக்கத்தைத் திருத்தலாம். மீடியாவிக்கி போன்ற மென்பொருள்களில் திருத்தியவர் யார், எப்போது திருத்தினார், முன்னிருந்தது யாது என்பன பதிவாகி நிற்கும். பிழை நேரின் பழைய பக்கத்தை மீட்கலாம். எனினும், முடுக்கும் அளவை மாற்றுங்கால் காரணத்தை எழுதுவதும், பொறுப்புள்ள பொறியாளரின் ஒப்புதலைப் பெறுவதும் இன்றியமையாதன.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் காட்டலாம். போல்ட்டில் வலுவான சுருள்வில் ஒன்றைக் கோத்து நட்டைப் பூட்டுக. ஸ்பானரின் நுனியில் வில் தராசை மாட்டி, குறிப்பிட்ட அளவு காட்டும்வரை இழுக்கச் செய்க. பின்னர் எண்ணெய் தடவி அதே அளவிற்கு இழுக்கச் செய்க. சுருள்வில் முன்னினும் மிகுதியாக அமுங்குவதை மாணவர் அளந்து, மரையின் நிலையையும் சேர்த்துத் தம் ஏட்டில் எழுதுவாராக.