மிளகின் விலை கொடியிலிருந்தே தொடங்குகிறது

மாத்தளை, கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "மிளகு விலை எப்ப ஏறும்?" அது நம் கையில் இல்லை. இலங்கை மிளகைப் பெருமளவில் வாங்குவது இந்தியா. 2017 டிசம்பரில், கிலோ 500 இந்திய ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யக் கூடாதென்று டில்லி கட்டுப்பாடு போட்டது. அப்படிப்பட்ட உத்தரவுகளை நாம் தடுக்கவா முடியும்? ஆனால் ஒரே நாளில், ஒரே கடையில், இருவர் கொண்டுபோன மிளகுக்கு இரண்டு விலை கிடைக்கிறதே, அந்த வித்தியாசம் நம் கையில்தான் இருக்கிறது.

களவு போய்விடுமென்று பலர் பிஞ்சிலேயே பறித்துவிடுகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் பிஞ்சு மிளகு காய்ந்தால் சப்பி, நிறை நிற்காது. எண்ணெய் வடிப்பவர்கள் அதை வாங்குவார்கள் என்பது உண்மை. கறுப்பு மிளகாக விற்க அது உதவாது. சரத்தில் ஒன்றிரண்டு மணி மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறும்வரை பொறுங்கள்.

உதிர்த்த மணிகளைக் கூடையோடு கொதிநீரில் ஓரிரு நிமிடம் முக்கி எடுங்கள். நிறம் சீராக வரும், சீக்கிரம் காயும். பிறகு சுத்தமான படங்கில் பரப்புங்கள். சாணி மெழுகிய முற்றமும் தார் ரோட்டோரமும் வேண்டவே வேண்டாம். ரோட்டில் மிளகு காய்வதைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். சல்மொனெல்லா கிருமி கண்டால் வெளிநாட்டில் முழுக் கொள்கலனையும் மறுத்துவிடுவார்கள். ஈரப்பதன் 12 சதவீதமளவுக்கு இறங்க வேண்டும். மூன்று கிலோ பச்சை மிளகு ஏறக்குறைய ஒரு கிலோவாகச் சுருங்கும்.

கடைக்குப் போகுமுன் ஒரு லீற்றர் பாத்திரத்தில் தலைதட்டி நிரப்பி நிறுத்துப் பாருங்கள். 550 கிராம் தாண்டினால் தைரியமாக விலை பேசலாம். 500க்குக் கீழே என்றால் புடைத்து, சப்பியைத் தனியாக விற்றுவிடுங்கள்.

விலை ஏறிய வருடத்தில் கோப்பி, கராம்பு, சாதிக்காய் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மிளகு மட்டும் நடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே பயிரை நம்புவது ஆபத்து. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய், இந்தத் தீவு நம்பியிருந்த கோப்பியை ஏறத்தாழ இருபது வருடத்துக்குள் அழித்தது. கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிழைப்பும் அதோடு ஆட்டம் கண்டது. மிளகுக்கும் வேரழுகல் உண்டு; கொடியடியில் தண்ணீர் தேங்கினால் போதும். கிளிரிசீடியாவில் கொடியை ஏற்றுங்கள், பழைய மரங்களை விட்டுவையுங்கள்.

புதுக் கன்று வேண்டுமென்றால் மழைக்கு முன்பே ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் உங்கள் பகுதி உத்தியோகத்தரிடம் சொல்லிவையுங்கள். மழை விழுந்தபின் போனால், மற்றவர்கள் கழித்துப்போட்ட கன்றுதான் மிஞ்சும்.